அடித்தால் வருவது உண்மையா?

(கண்டியில் நடந்த தோட்டக் கிளைத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நாலு போடு போட்டால் உண்மை தானாக வரும்." இதைப் பொலிஸ்காரர் மட்டும் சொல்வதில்லை. லயத்தில் கோழி காணாமல் போனாலும், கோயில் உண்டியல் உடைந்தாலும் நம்மவர்களே சொல்கிறோம். ஆசிரியர்களான எங்களுக்குத் தெரியும்: பிரம்பைக் காட்டினால் பென்சிலை எடுக்காத பிள்ளையும் "நான்தான் சேர்" என்று அழும். எடுத்த பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

இதே கண்டியில், 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. அதன் 6ஆவது வாசகம் உடலை வதைக்கும் எல்லாச் சித்திரவதையையும் ஒழித்தது. எழுதியவன் வெள்ளைக்காரன். பிறகு கோப்பித் தோட்டத்தில் நம் முன்னோரின் முதுகில் விழுந்த சாட்டை அந்தத் தாளைப் படிக்கவில்லை.

இன்று அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்கு 7 முதல் 10 வருடச் சிறை. யுத்தம் என்றோ, மேலதிகாரியின் கட்டளை என்றோ சாக்குச் சொல்ல முடியாது.

ஆனால் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் பின்கதவைத் திறந்தது. சாதாரண வழக்கில் பொலிசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. இந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்தால் செல்லும். அடித்து வாங்கினார்கள் என்பதை அடிபட்டவனே நிரூபிக்க வேண்டும்.

1993இல் மட்டக்களப்பில் கைதான சிங்கராசாவுக்கு நடந்தது இதுதான். தமிழ் மட்டுமே தெரிந்த அவரிடம், சிங்களத்தில் தட்டச்சு செய்த தாளில் கைரேகை வாங்கினார்கள். அந்த ஒரு தாளை வைத்து 1995இல் 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. 2006இல் நமது உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இது தமிழருக்கு மட்டும் நடப்பதல்ல. 2002இல் வத்தளைப் பொலிசார் கொலைகாரன் என்று நினைத்து ஜெரால்ட் பெரேரா என்ற சமையல்காரரைச் சாகும் நிலைக்கு அடித்தார்கள். அவர் வேறு ஆள். உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கியது. 2004 நவம்பரில், சாட்சி சொல்லச் சில நாள் இருக்கையில், பஸ்ஸில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள்.

"குண்டு வெடிக்கப் போகிறது, வைத்தவன் கையில் இருக்கிறான், அப்போதுமா அடிக்கக் கூடாது?" என்று ஒரு தோழர் கேட்டார். 1998இல் தலதா மாளிகை முன் குண்டு வெடித்ததைக் கண்ட ஊரில் இது நியாயமான கேள்விதான். ஆனால் அவன்தான் வைத்தவன் என்று யார் சொன்னது? அதைத் தெரிந்துகொள்ளத்தானே அடிக்கிறார்கள்! வலி தாங்காதவன் ஏதோ ஓர் இடத்தைச் சொல்வான். படை அங்கே ஓடும். குண்டு இங்கே வெடிக்கும். வழக்கை முடிக்க அடி உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். குற்றவாளியைப் பிடிக்க உதவாது.

2023 மே மாதம், நகைத் திருட்டு முறைப்பாட்டில் கைதான பதுளைப் பெண் ஒருவர் கொழும்பில் பொலிஸ் காவலில் இறந்தார். வீட்டு வேலைக்குப் போனவர். நம் லயத்துப் பிள்ளைகள் போகும் அதே வேலை.

ஆகவே தலைவர்மார் இதைக் கவனியுங்கள். யாராவது கைதானால் எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணி என்று அன்றே கொப்பியில் எழுதுங்கள். விளங்காத மொழியில் உள்ள தாளில் கையொப்பமோ ரேகையோ வைக்க வேண்டாம் என்று இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. அடிபட்டவரை உடனே அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி, நடந்ததை டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதமே தவணை; சம்பள நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.