விஞ்ஞானத்தின் அச்சாணி

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இவ்விழாவிலே இளைஞரின் கல்வி பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி மன்றத்தார் எம்மைக் கேட்டுக்கொண்டனர். கல்வி பெருங்கடல். அதன் கரையில் ஓரிடத்தில் மாத்திரம் நிற்க விரும்புகின்றோம். உயர்தரத்திலே பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்கப் புகும் மாணவர், வகுப்புத் தொடங்குமுன் தாம் ஏலவே படித்த கணிதத்தை ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இதுவே எமது பேச்சின் பொருள். சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் அச்சாணி கழன்றால் பெரிய தேரும் நடுவீதியில் நின்றுவிடும் அல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன் எமது அயலிலுள்ள தந்தையார் ஒருவர் தம் மகளை எம்மிடம் அழைத்து வந்தார். "ஐயா, பிள்ளைக்கு இரசாயனம் ஓடுதில்லை. இரண்டு இடத்திலை ரியூஷனுக்கும் விட்டுப் பாத்திட்டன். கலைப் பிரிவுக்கு மாத்தி விடுவமோ?" என்று கேட்டார். பிள்ளை தலைகுனிந்து நின்றாள். சோடியம் ஏன் தன் இலத்திரனை இழக்கின்றது என்று கேட்டோம். அழகாக விளக்கினாள். பின்னர், கரைபொருளின் அளவைக் கனவளவால் வகுத்தால் செறிவு வரும் என்று எழுதிக் கொடுத்து, அளவும் செறிவும் தெரிந்தால் கனவளவை எவ்வாறு காண்பாய் என்று கேட்டோம். பேனா நின்றுவிட்டது.

அப்பிள்ளைக்கு வராதது இரசாயனம் அன்று. பத்தாம் வகுப்பிலே படித்து மறந்த அட்சரகணிதமே. ஒரு விடுமுறை முழுவதும் மாலைதோறும் ஒரு மணித்தியாலம் பழைய கணிதத்தைத் திரும்பச் செய்வித்தோம். அவள் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள் என்று கதை சொல்ல மாட்டோம். பிரிவை மாற்றாமல், பயமின்றிப் படித்து முடித்தாள். அது எமக்குப் போதும். ஆனால் அத்தந்தையாரைப் போல் எம்மிடம் வராமலே பிரிவை மாற்றிவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்ற எண்ணம் இன்றும் எம்மை வருத்துகின்றது.

இக்குறை எவ்வாறு நேர்கின்றது? சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கணிதப் புத்தகம் பெட்டிக்குள் போய்விடுகின்றது. உயர்தர வகுப்புத் தொடங்கும்வரை மாதங்கள் கழிகின்றன. பாவியாத கத்தி துருப்பிடிப்பது இயல்பே. அன்றியும், உயிரியல் பிரிவை எடுப்போருட் பலர், "கணிதம் இனி இல்லை, தப்பினோம்" என்று மகிழ்கின்றனர். கணிதம் என்ற பெயரிலே பாடம் இல்லைதான். ஆனால் பௌதிகவியலும் இரசாயனவியலும் அப்பிரிவிலும் உண்டே! முன்வாசலால் அனுப்பிய கணிதம் பின்வாசலால் வந்து அடுப்படியில் அமர்ந்திருக்கின்றது.

இனி, எந்தக் கணிதத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று பார்ப்போம். பெரிய கணிதம் எதுவும் அன்று.

முதலாவது, சமன்பாட்டில் வேண்டிய கணியத்தை எழுவாயாக்குதல். அழுத்தம், மின்னோட்டம், தடை ஆகிய மூன்றுக்கும் ஓமின் விதி ஒன்றே. ஆனால் அதை மூன்று சூத்திரங்களாக மனனம் செய்யும் மாணவரைக் காண்கின்றோம். ஒன்றை அறிந்து மற்றிரண்டையும் பெறத் தெரிந்தவனுக்கு மனனச் சுமை மூன்றில் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது, விகிதம். இரசாயனக் கணக்குகளிற் பெரும்பாலானவை விகிதக் கணக்குகளே. 4 கிராம் ஐதரசன் 32 கிராம் ஒட்சிசனுடன் சேர்ந்து 36 கிராம் நீரைத் தரும். 10 கிராம் ஐதரசனும் 32 கிராம் ஒட்சிசனும் இருந்தால் எவ்வளவு நீர் கிடைக்கும்? அதே 36 கிராம்தான். 6 கிராம் ஐதரசன் எஞ்சிவிடும். இதை விளங்காதவர் ஒரு சைக்கிள் கடையை நினைத்துப் பாருங்கள். 10 சில்லுகளும் 4 சட்டங்களும் இருந்தால் 4 சைக்கிள்களே பூட்டலாம். 2 சில்லுகள் மிஞ்சும். கடைக்காரர் இதற்காக இரசாயனம் படிக்கவில்லை.

மூன்றாவது, சுட்டிகளும் மடக்கையும். 180 கிராம் நீர் என்பது 10 மூல். ஒரு மூலில் 6.022ஐ 10இன் 23ஆம் வலுவாற் பெருக்கிய அளவு மூலக்கூறுகள் உண்டு. ஆகவே ஒரு குவளை நீரிலுள்ள மூலக்கூறுகளைக் கணிக்கச் சுட்டியில் ஒன்றைக் கூட்டினாற் போதும். 23 என்பது 24 ஆகும். சுட்டி விதி மறந்தவனுக்கோ அது மலையாகத் தோன்றும். மடக்கையும் அவ்வாறே. 1614ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்து அறிஞர் ஜோன் நேப்பியர் அதை வெளியிட்டது, பெருக்கலைக் கூட்டலாக்கி மனிதரின் உழைப்பைக் குறைப்பதற்காகவே. 1909இல் டென்மார்க்கின் சோரென்சன் அமிலத்தன்மையை அளக்க அதே மடக்கையைக் கொண்டு பி.எச். அளவையை வகுத்தார். பி.எச். 7இலிருந்து 5 ஆகும்போது இறங்கியது இரண்டு படிதானே என்று எண்ணலாகாது. ஐதரசன் அயன் செறிவு 100 மடங்கு ஏறிவிட்டது.

நான்காவது, வரைபும் திரிகோணகணிதமும். வேக-நேர வரைபின் படித்திறன் ஆர்முடுகல். அதன் கீழுள்ள பரப்பு சென்ற தூரம். 30 பாகைச் சரிவிலே நிற்கும் வண்டியைக் கீழ்நோக்கி இழுப்பது அதன் நிறையிற் பாதி. 30 பாகையின் சைன் அரை என்பதே காரணம். இவை கைவசமாக இருந்தால் பௌதிகவியலின் முதல் ஆண்டு பாதி இலகுவாகிவிடும். நுண்கணிதத்தைப் பல்கலைக்கழகம் புகுவோர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, அலகு. இதை அற்பமென்று எண்ணுவோருக்கு ஒரு நிகழ்ச்சி கூறுவோம். 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கனடாவிலே பெரிய பிரயாண விமானம் ஒன்று புறப்பட ஆயத்தமாயிற்று. அதற்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் வேண்டும். லீற்றரைக் கிலோகிராமாக்க ஏறத்தாழ 0.8ஆற் பெருக்க வேண்டியவர்கள், லீற்றரை இறாத்தலாக்கும் 1.77ஆற் பெருக்கிவிட்டனர். வேண்டியதிற் பாதிக்கும் குறைந்த எரிபொருளோடு விமானம் எழுந்தது. நடுவானில் இயந்திரம் இரண்டும் நின்றன. விமானியின் திறமையால், கிம்லி என்னும் ஊரிலே கைவிடப்பட்டிருந்த விமானத்தளத்தில் அது சறுக்கி இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. பெருக்கல் தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. அலகைப் பார்க்காதவர்களே இருந்தனர்.

"கணிப்பான் இருக்கின்றதே, இவையெல்லாம் ஏன்?" என்று இளைஞர் கேட்கலாம். உயர்தரப் பௌதிக, இரசாயன வினாத்தாள்கள் சிலவற்றை எடுத்துப் பாருங்கள். கணிப்பானுக்கு இடமில்லை என்று எழுதியிருக்கும். 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம்; வினாவொன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். அந்நேரத்தில் பின்னத்தைச் சுருக்கத் தடுமாறுபவனுக்கு விஞ்ஞானத்தைச் சிந்திக்க நேரம் ஏது?

வழி எளிது. முதலில், பழைய சாதாரண தரக் கணித வினாத்தாள் ஒன்றைத் தனியே இருந்து, நேரம் வைத்துச் செய்யுங்கள். பிழைத்தவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அக்கொப்பியே உங்கள் பாடத்திட்டம். நாளுக்கு ஒரு மணித்தியாலமாக ஆறு வாரம் செய்யுங்கள். பிறர் செய்த விடையை வாசித்து "விளங்கிவிட்டது" என்று ஏமாறாதீர்கள். நீச்சலைக் கரையிலிருந்து பழகியவர் இல்லை. ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள். விடை காணுமுன் அது ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மதிப்பிடுங்கள். ஒரு மனிதனின் நிறை 6,000 கிலோகிராம் என்று விடை வந்தால் சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இறுதியாக, கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். சொல்லும்போதுதான் எமது ஓட்டை எமக்குத் தெரியும்.

பழைய பாடத்துக்குத் திரும்புவது வெட்கம் என்று எண்ண வேண்டாம். 1912ஆம் ஆண்டிலே பேராசிரியராகவும் உலகறிந்த விஞ்ஞானியாகவும் இருந்த ஐன்ஸ்டைன், தம் புதிய கொள்கைக்கு வேண்டிய கணிதம் தம்மிடம் இல்லை என்று கண்டார். சூரிச் நகரிலே தம்முடன் படித்த நண்பர் மாசெல் குரோஸ்மனை நாடினார். அந்நண்பரின் துணையோடு வளைந்த வெளிகளின் கேத்திரகணிதத்தைப் பயின்றார். 1915இல் பொதுச் சார்புக் கொள்கை நிறைவெய்தியது. அவருக்கில்லாத வெட்கம் எமக்கேன்?

பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை தடுமாறும்போது "உனக்கு மண்டையிலை ஏறாது" என்று சொல்லாதீர்கள். அச்சொல் ஒரு பிழையை ஓர் ஆயுளாக்கிவிடும். மேலதிக வகுப்புக்குப் பணம் கட்டுமுன், நோய் எங்கே என்று பாருங்கள். கால் நோவுக்குக் கண்ணில் மருந்திட்டு என்ன பயன்?

மன்றத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் எம்மிடையே உளர். சாதாரண தரம் எழுதிவிட்டுச் சும்மா இருக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் உளர். மன்ற மண்டபமோ மாலையிலே வெறுமையாகக் கிடக்கின்றது. இம்மூன்றையும் ஒன்றாக்கினால் ஆறு வாரக் கணித வகுப்பு ஆயிற்று. ஒரு கரும்பலகையும் சில பழைய வினாத்தாள்களுமே செலவு.

இது எமது மண்ணுக்குப் புதிதன்று. கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் அட்சரகணிதத்தை "வீசகணிதம்" என்ற பெயரில் தமிழில் அளித்தார். மருத்துவர் சாமுவேல் கிறீன் 1875இல் "கெமிஸ்தம்" என்னும் இரசாயன நூலைத் தமிழில் வெளிவரச் செய்தார். கணிதம் முன்னே வந்தது. இரசாயனம் பின்னே வந்தது. எமது பிள்ளைகளும் அவ்வொழுங்கிலே நடப்பார்களாக.

அடுத்த ஆண்டு விழாவிலே, அவ்வகுப்பிற் படித்த பிள்ளை ஒருவர் இம்மேடையில் நின்று பேசக் கேட்பதே எமது ஆசை.