கட்டிடத்துக்கு முன் காணி உறுதி
(ஊர்காவற்றுறைப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் இத்துறையைப் போர்த்துக்கேயர், கப்பல் அணையும் மேடை என்று பொருள்படும் தம் மொழிச் சொல்லாலே அழைத்தனர். 'கயிட்ஸ்' என்ற பெயர் அதிலிருந்து பிறந்ததே. யானைகள் கப்பலேறிய துறை இது. மாலுமிகளும், தச்சரும், சுமை தூக்குவோரும், சுங்கக் கணக்கரும் உழைத்து வாழ்ந்த பட்டினம் இது.

1905 இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. சரக்கு தரைவழி திரும்பிற்று. பாய்க்கப்பல் தளர்ந்தது. எஞ்சியதைப் போர் விழுங்கிற்று. 1990 இல் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது மக்கள் பெருந்தொகையாய் வெளியேறினர். அவர்களிற் பலர் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர்.

இப்பொழுது அபிவிருத்திப் பேச்சு எழுந்திருக்கிறது. கடற்கோட்டை கடற்படையினரின் உல்லாச விடுதியாகிவிட்டது. அபிவிருத்தி வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. யாருடைய நிலத்திலே, யாருடைய பிழைப்புக்காக என்றுதான் கேட்கிறேன்.

பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றித் தனதென ஆண்டவன் அதற்கு உரித்துக் கோர 1871 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. பங்காளி தன் பங்கை விற்கப் புறப்பட்டால், அதை முதலில் வாங்கும் உரிமையை ஏனைய பங்காளிகளுக்குத் தேசவழமை அளித்திருக்கிறது. 1947 ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை ஏற்றது. ஆயினும், விற்பனை நடப்பதையே அறியாத பங்காளிக்கு அவ்வுரிமையால் என்ன பயன்?

2025 மார்ச்சிலே வடமாகாணத்தில் 5,940 ஏக்கர் வரையான காணிக்கு மூன்று மாதத்துள் உரித்துக் கோராவிடின் அது அரசுக்குரியதாகும் என்று வர்த்தமானி அறிவித்தது. மக்கள் எதிர்த்தனர், வழக்கும் எழுந்தது, அவ்வாண்டிலேயே அறிவித்தல் மீளப் பெறப்பட்டது. வர்த்தமானி போயிற்று, அது கற்பித்த பாடம் போகலாகாது.

ஆகையால் அன்பர்களே, இன்றிரவே பெட்டியைத் திறந்து உறுதிகளைத் தேடுங்கள். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்திலே பிரதி பெறுங்கள். வெளிநாட்டிலுள்ள உடன்பிறந்தாருக்கு எழுதி, பங்குகளைத் தீர்த்துப் பதியுங்கள். திட்டம் வகுப்போரிடம் ஒன்றைக் கேளுங்கள்: உரித்தாளர் யாரெனத் தெளிந்த பின்னரே அத்திவாரம் வெட்டப்படல் வேண்டும், எழும் துறையிலே இவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தொழில் வேண்டும்.

விடுதியின் விளக்கொளியைக் கரையில் நின்று பார்ப்பதற்காக நாம் திரும்பி வரவில்லை. நம் வீட்டிலே நம் விளக்கை ஏற்றவே வந்தோம்!