அமைதிக்கு உரிமை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்னிசைக்கும் நாடகத்துக்கும் இடையே எனக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் முடித்துவிடுவதாகச் செயலாளருக்கு வாக்களித்திருக்கிறேன். கால் மணி நேரம் போதாது என்று குறைபட்டுக்கொள்ளும் என் போன்றவர்கள், பதினைந்து நொடி என்பது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்ததில்லை.

இஸ்ரேல் நாட்டின் தென்பகுதியில் ஸ்தேரோத் என்று ஒரு சிறு நகரம் உண்டு. 1951-இல் குடியேறிகளுக்கான தற்காலிக முகாமாகத் தோன்றிய ஊர் அது. பாரசீகத்திலிருந்தும், பின்னர் மொராக்கோவிலிருந்தும் வந்த எளிய மக்களே அங்குக் குடியமர்ந்தனர். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களின் ஊர் எப்படியிருக்கும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. அந்நகரம் காசா எல்லையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 2001-ஆம் ஆண்டு முதல் அதன்மேல் ராக்கெட்டுகள் விழத் தொடங்கின. எச்சரிக்கை ஒலித்த பின் மக்கள் ஒளிந்துகொள்ளக் கிடைப்பது பதினைந்து நொடி. சில வேளைகளில் அதுவும் இல்லை.

பதினைந்து நொடிக்குள் தாய் இரு குழந்தைகளைத் தூக்க வேண்டும். கிழவர் கட்டிலை விட்டு இறங்க வேண்டும். குளியலறையில் இருப்பவர் அப்படியே வெளியே ஓடிவர வேண்டும். அந்நகரில் பேருந்து நிறுத்தங்களையே கான்கிரீட் அறைகளாகக் கட்டினார்கள். சிறுவர் விளையாடும் பூங்காவில் கம்பளிப் புழு வடிவில் வண்ணம் பூசிய ஒரு நீண்ட குழாய் கிடக்கிறது. பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள். உண்மையில் அதுவும் காப்பறையே. 2004 ஜூன் திங்களில் மழலையர் பள்ளியொன்றின் அருகே விழுந்த ராக்கெட்டால் ஒரு குழந்தையும் ஒரு பெரியவரும் மாண்டனர்.

எச்சரிக்கை ஒலியில் முதலில் 'சிவந்த விடியல்' என்று பொருள்படும் சொற்களே கூறப்பட்டன. விடியல் என்பதற்கு அவர்கள் மொழியில் 'ஷஹர்'. அது பெண்களுக்கும் இடும் பெயர். அப்பெயர் கொண்ட ஒரு சிறுமி, தன் பெயர் ஒலிக்கும்போதெல்லாம் எல்லோரும் அஞ்சி ஓடுவதைக் கண்டு கலங்கினாள். அதனால் 2007-இல் அதனைச் 'சிவப்பு நிறம்' என்று மாற்றினார்கள். இதைப் படித்த நாளிலிருந்து இது என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ராக்கெட் நமக்கும் புதிதன்று. ஐதரும் திப்புவும் இக்கருநாடக மண்ணில் இரும்புக் குழல் ராக்கெட்டுகளைப் படைக்கருவியாக்கினர். 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர்ப் போரில் அவற்றைப் பயன்படுத்தினர். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அப்போரின் ஓவியத்தைப் பார்த்து வியவாதவர் இச்சபையில் அரியர். ஆனால் அதனைக் கண்டு கற்றுக்கொண்ட ஆங்கிலேயர் 1807-இல் கோபன்ஹேகன் நகரின்மேல் ராக்கெட்டுகளை ஏவியபோது, எரிந்தவை குடிமக்களின் வீடுகள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அன்றைய ராக்கெட்டுக்குக் குறி தெரியாது. காசாவில் செய்யப்பட்ட தொடக்ககால ராக்கெட்டுகளுக்கும் தெரியாது. சர்க்கரையும் உரவுப்பும் கலந்த எரிபொருளை அடைத்த எஃகுக் குழாய்களே அவை. குறி தெரியாத கருவியை ஊரை நோக்கி ஏவுபவர், யார் இறந்தாலும் சரி என்று முன்பே முடிவு செய்துவிட்டவர் ஆகிறார்.

எல்லையின் மறுபுறத்தைப் பேசாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். காசா 365 சதுர கிலோமீட்டர் நிலம். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அங்குப் பொதுக் காப்பறைகள் இல்லை. எச்சரிக்கைச் சங்கும் இல்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஸ்தேரோத்துக்குள்ளும் அண்டை ஊர்களுக்குள்ளும் ஆயுதம் ஏந்தியோர் புகுந்தனர். இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதன் பின் நிகழ்ந்த போரில், 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் காசாவில் 60,000-க்கும் மேற்பட்டோர் மாண்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சு கணக்கிட்டது. கான்கிரீட் கம்பளிப் புழுவுக்குள் ஒளிய முடியாத குழந்தைகளும் அவர்களுள் உண்டு.

"அவர்கள்தாம் முதலில் தொடங்கினார்கள்" என்று இரு சாராரும் கூறுவர். இதற்குச் சட்டம் விடை கூறியிருக்கிறது. 1949-இன் ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977-இல் சேர்க்கப்பட்ட முதல் துணை உடன்படிக்கையின் 51-ஆம் பிரிவு, குறியின்றித் தாக்குவதைத் தடுக்கிறது. பழிக்குப் பழியாகப் பொதுமக்களைத் தாக்குவதையும் தடுக்கிறது. ஒரு தரப்பு விதியை மீறினாலும், பொதுமக்கள் பால் மறுதரப்புக்குள்ள கடமை நீங்காது என்றும் கூறுகிறது. பாலஸ்தீனம் 2014-இல் இதனை ஏற்றது. இஸ்ரேல் ஏற்கவில்லை. நம் இந்தியாவும் ஏற்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு நாணமாகவே இருக்கிறது. 2025 மே திங்களில் பூஞ்ச் நகரில் பீரங்கிக் குண்டுகளுக்கு நம் குடிமக்கள் பலியான பின்பாவது இதைப் பற்றி நம்மிடையே பேச்சு எழுந்திருக்க வேண்டாவா?

2016 டிசம்பர் 19 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, அமைதியைத் துய்க்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. அது எந்த அரசையும் கட்டுப்படுத்தாத வெறும் தாள் என்று நண்பர் ஒருவர் நகைத்தார். அடிமை முறையை எதிர்த்த முதல் விண்ணப்பங்களும் தாள்களே என்று அவருக்குச் சொன்னேன். அவர் உடன்படவில்லை.

நம் சங்கம் ஆண்டுதோறும் மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி நடத்துகிறது. வரும் ஆண்டில் அந்த 51-ஆம் பிரிவையே பொருளாகத் தருமாறு ஆட்சிக் குழுவினரை வேண்டுகிறேன். பரிசுத் தொகையை நானே தருகிறேன். திரைக்குப் பின்னே நாடகக் குழுவினர் ஒப்பனையுடன் காத்திருக்கின்றனர்; விடைபெறுகிறேன்.