துடக்கு என்னுஞ் சொல்

(எமது சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



மிஷன் பாடசாலையிலே படித்தவருக்குத் துடக்கைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். இந்த எண்ணம் எமக்கு உதித்ததே அந்தப் பாடசாலையில்தான். வேதபாட வேளையிலே லேவியராகமம் என்னும் புத்தகத்தைத் திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் 'தீட்டு' என்ற சொல் வந்தது. செத்த விலங்கைத் தொட்டவனுக்குத் தீட்டு. பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு. எங்கள் ஆச்சியின் வாயிலே புழங்கும் சொல் யூதருடைய பழைய நூலின் தமிழிலே கிடப்பதைக் கண்டு வியந்தோம். அங்கேயும் நாட்கணக்கு உண்டு. ஆண்மகவு பெற்றவளுக்கு 40 நாள், பெண்மகவு பெற்றவளுக்கு 80 நாள். சூரியன் அஸ்தமித்தவுடன் நீங்கிவிடுவதும் உண்டு. எப்படியாயினும், நீங்குவதற்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. இதனை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இனி எங்கள் ஊர்ச் சொல்லுக்கு வருவோம். பழந்தமிழிலே துடக்குதல் என்றால் கட்டுதல், பிணித்தல் என்று பொருள். அழுக்கு என்ற கருத்தே அதில் இல்லை. எமது ஆச்சி மோசம் போனபோதுதான் இப்பொருள் எமக்கு விளங்கிற்று. கனடாவிலே இருக்கும் சித்தப்பா பிரேதத்தைக் காணவுமில்லை, கடல் கடந்து வரவுமில்லை. ஆனால் அவருக்கும் 31ஆம் நாள் வரை துடக்கு. பாடையைத் தோள்மீது காவிச் சென்ற அயலவர்களோ தலைமுழுகியதோடு விடுபட்டார்கள். தொட்டவனுக்கு ஒரு முழுக்கு, தொடாதவனுக்கு ஒரு மாதம்! அழுக்கென்றால் இது பொருந்துமா? உறவின் கட்டு என்றால் பொருந்தும். இறந்தவரோடு எம்மைப் பிணித்த கயிறு மெல்ல மெல்லத் தளரும்வரை கோயிலும் கொண்டாட்டமும் வேண்டாம் என்று வைத்தார்கள். நல்ல சொல் என்றே நாம் எண்ணுகிறோம்.

தீட்டு என்பது தீண்டுதலின் வழி வந்தது. (அரிசி தீட்டுவது வேறு சொல், தவிட்டைப் போக்குவது அது.) ஆசௌசம் வடசொல்; சுசியாயிராமை என்பது அதன் பொருள். பஞ்சாங்கத்திலும் குருக்கள்மார் வாயிலும் அது வாழ்கிறது. புலை என்ற சொல்லின் கதைதான் துயரமானது. புலால் என்பதோடு உறவுடைய அச்சொல்லிலிருந்து புலைத்தி என்ற பெயர் பிறந்தது. சங்கப் பாடல்களிலே புலைத்தி யார்? ஊராருடைய ஆடையை வெளுத்துக் கொடுப்பவள். அழுக்கைப் போக்குபவளுக்கு அழுக்கின் பெயர்!

இஃது ஏதோ 2,000 ஆண்டுக்கு முந்திய செய்தி என்று விட்டுவிட எம்மால் முடியவில்லை. ஆச்சியின் செத்தவீட்டுக்கு வெள்ளை கட்ட ஊர்க் கட்டாடியார் வந்தார். முதியவர், எமது அப்புவின் வயதிருக்கும். அவர் கட்டிய வெள்ளையின் கீழேதான் கிரியை நடந்தது. 31ஆம் நாளும் அவர் கொணர்ந்த துணி இல்லாமல் துடக்குக் கழியவில்லை. அவருக்குத் தேநீர் கொடுத்த பேணியோ வேலிக் கதியாலிலே கவிழ்த்து வைத்த தனிப் பேணி. சிறுபிள்ளையாகிய நாம் அதை எடுக்கப் போனபோது, "தொடாதே, துடக்கு" என்றார் அப்பு.

"எங்களுக்கு இண்டைக்குக் கழிஞ்சுபோச்சு. அவருக்கு எப்ப கழியும், அப்பு?" என்று கேட்டோம்.

"போய் விளையாடு" என்றார். கட்டாடியார் தேநீரைக் குடித்து முடித்துப் பேணியைத் தாமே கழுவி மீண்டும் கதியாலிலே கவிழ்த்தார். எமது கேள்வி அவர் காதிலே விழுந்திருக்கும். அந்த நினைவு இன்றும் எம்மைச் சுடுகிறது.

நாட்கணக்கோடு பிறந்த சொல்லைக் கணக்கில்லாமல் ஒருவர் தலையிலே ஏற்றியது யார்? சாத்திரத்தைக் காட்டுவோர் எமது சித்தாந்தத்தையும் பார்க்கவேண்டும். சிவயோக சுவாமிகள் 1964இலே சமாதியடையும்வரை வாழ்ந்த கொழும்புத்துறையிலே நாம் சித்தாந்தம் பேசுவது கொல்லன் தெருவிலே ஊசி விற்பதாகும். ஆயினும் ஒரு சொல். மலம் என்ற சொல்லை நமது ஆசிரியர்கள் வீதியிலிருந்து எடுத்து உயிரின்மேல் வைத்தார்கள். செம்பிலே களிம்புபோல ஆணவம் அநாதியாகவே எல்லா உயிரையும் பற்றியிருக்கிறது என்றார்கள். விஞ்ஞானகலருக்கு ஒரு மலம், பிரளயாகலருக்கு இரண்டு, சகலருக்கு மூன்று. மனிதர் அனைவரும் சகலரே. குருக்களுக்கு ஒன்று குறையவுமில்லை, கட்டாடியாருக்கு ஒன்று கூடவுமில்லை.

இலங்கையிலே 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவரைக் கோயிலிலோ தேநீர்க் கடையிலோ தடுப்பதைக் குற்றமாக்கிற்று. அதற்குப் 11 ஆண்டுகளின் பின், 1968இலே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே உள்ளே போகக் கேட்டுச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. சட்டம் வாசலைத் திறக்கச் சொல்லலாம். வீட்டுக்குள்ளே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சொல்லை அது தொடமாட்டாது.

இதே சொல்லை எமது வீட்டுப் பெண்பிள்ளைகள்மீது மாதந்தோறும் வைக்கிறோம். அதற்கு நாட்கணக்கு உண்டு என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அதைத் தாங்குபவர் நாமல்லர். ஆதலால் அப்பகுதியை நாம் பேசாது விடுகிறோம். அடுத்த கூட்டத்திலே இங்கிருக்கும் சகோதரிகளில் ஒருவர் அதனைப் பேசத் தலைவர் அவர்கள் இடந்தரவேண்டும் என்று கேட்டு அமர்கிறோம்.