வயிறு சின்னது, இலை பெரியது



"என்னடா, பாதியாயிட்டே?"ன்னு காலையிலிருந்து கேட்கிறீங்க. 2 வருஷம் முன்பு எடை குறைய ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை எடுத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும்.

"அப்புறம் என்ன கவலை?" என்பீர்கள். நம்ம பாஷையில் சொன்னால், டேங்க்தான் சின்னதாச்சு. நாள் பூரா குழாய் திறந்திருந்தா மொத்தத் தண்ணி அதேதான்! 2 இட்லிக்கு மேல் இறங்காத வயிற்றில் மிக்சரும் ஐஸ்கிரீமும் ஜூஸும் மட்டும் சுலபமாக நழுவிப் போகும். சில வருஷத்தில் பலருக்கு எடை திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் என் தட்டில் முதலில் முட்டை, மீன், பருப்பு, இடமிருந்தால் சோறு. புரோட்டீன் நாளுக்கு 60 கிராமாவது வேணும், இல்லாட்டி கொழுப்போடு தசையும் கரையும். தண்ணீர், சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும். பி12 குறைந்தால் நரம்பைப் பாதிக்கும்.

இதெல்லாம் பழகிடுது. கஷ்டம் பந்தியில்தான்! "ஒரே ஒரு வாய்டா"ன்னு பாசமா வர்றீங்க. அந்த ஒரு வாய் கூடினால் நெஞ்சை அடைத்து வாந்தி வந்துவிடும். இன்று மதியம் எனக்கு ஒரு கிண்ணம் சுண்டல் போதும், பாயசம் வேண்டாம். அதை முடிக்கவே அரை மணியாகும். அதுவரை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஹாஸ்டல் கதை பேசுங்க.