ரிப்போர்ட் வந்தாச்சு, டாக்டரைப் பார்க்க இன்னும் ரெண்டு நாள் இருக்கு

(மேடவாக்கத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்களில் பலருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இந்த நிமிடம் உங்கள் கைபேசியிலேயே இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறோம். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வருகிறது. நான்கு பக்கம். அதில் மூன்று எண்கள் தடித்த எழுத்தில். டாக்டரைப் பார்க்க நாளை மறுநாள்தான் நேரம் கிடைத்திருக்கிறது. முன்பெல்லாம் கவரை டாக்டர்தான் பிரிப்பார், நம் முகத்தைப் பார்த்துச் சொல்வார். இப்போது முதலில் படிப்பது நாம்தான், அதுவும் தூங்கப் போகிற நேரத்தில். இடையில் இருக்கும் அந்த ரெண்டு நாளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதலில் அந்தத் தடித்த எழுத்து. ரிப்போர்ட்டில் ஓரமாகப் போட்டிருக்கும் 'இயல்பான அளவு' எப்படி வந்தது தெரியுமா? பல பரிசோதனைகளில், ஆரோக்கியமாக இருப்பவர்களை அளந்து, அதில் நடுவில் வரும் 95 சதவீதம் பேருடைய அளவை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் மீதி 5 சதவீதம் பேர்? அவர்களும் ஆரோக்கியமானவர்கள்தான், ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நேரத்தில் எடுத்தால், எந்த நோயும் இல்லாத 100 பேரில் சுமார் 64 பேருக்கு ஏதாவது ஒரு எண்ணாவது தடித்து வரும். இது வெறும் கணக்கு. பேக்கேஜ் பெரிதாக ஆக, தடித்த எழுத்தும் கூடும். ஐம்பது, அறுபது டெஸ்ட் சேர்த்து விற்பவர்கள் இதை விளம்பரத்தில் சொல்வதில்லை.

சர்க்கரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு மருத்துவர்கள் வகுத்த எல்லை இருக்கிறது. மூன்று மாதச் சராசரி 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய நிலை. அப்போதும்கூட, தாகம், அடிக்கடி சிறுநீர் போன்ற அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்திய பிறகுதான் 'சுகர்' என்று சொல்ல வேண்டும்.

ரத்த அழுத்தம் இன்னும் விசித்திரம். பயந்தாலே ஏறும். வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்கள் ஒரு தரம் பார்க்கிறார்கள், 150 வருகிறது. 'ஐயோ' என்று உடனே மறுபடி பார்க்கிறார்கள், 158. மூன்றாவது தரம் 165. மெஷின் பொய் சொல்லவில்லை, ஆனால் அது இப்போது அளப்பது உங்கள் பயத்தையும் சேர்த்துத்தான். அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தரம் பார்த்து, இரண்டையும் தேதியோடு எழுதி வையுங்கள். அவ்வளவு போதும். ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப் போவது, வாய் குளறுவது இருந்தால் மெஷினையும் பார்க்க வேண்டாம், கூகுளையும் பார்க்க வேண்டாம். நேராக 108.

பயத்துக்கு இன்னொரு முகமும் இருக்கு. எனக்குக் கவலை தருவது அதுதான். சிலர் ரிப்போர்ட்டைத் திறப்பதே இல்லை. 'தெரிஞ்சா தானே கவலை' என்று சளிப் பரிசோதனைக்கே வராதவர்கள் இருக்கிறார்கள். நம்ம பக்கத்தில் அதற்கு ஒரு வரலாறே உண்டு. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை அது. அந்த நாளில் காசநோய் என்றாலே வீட்டை விட்டுப் பிரிவதுதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெருக்கடியான சின்ன வீடுகளில் இருந்தவர்களுக்கு அங்கேயே மருந்து கொடுத்துப் பார்த்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாக அவர்களும் குணமானார்கள், வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் அந்த முடிவு வெளியாகி, உலகம் முழுக்க சிகிச்சை முறையையே மாற்றியது. இன்றைக்குச் சாதாரண காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. நோய் மாறிவிட்டது. அதன் பெயரைக் கேட்டதும் வரும் பயம் மட்டும் தாத்தா காலத்துப் பயம்.

சரி, அந்த ரெண்டு நாள் என்ன செய்யலாம்? 104-க்கு போன் போடுங்கள். மருத்துவ ஆலோசனைக்கான இலவச எண், 24 மணி நேரமும் இருக்கிறது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைப் படித்துக் காட்டி, 'இதுக்கு நான் உடனே போகணுமா, ரெண்டு நாள் பொறுக்கலாமா?' என்று கேளுங்கள். காலையில் நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வரலாம். வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் கொண்டு வாங்க. போன வருடமும் இதே எண் என்றால் கதை வேறு, இந்த வருடம் திடீரென்று ஏறியிருந்தால் கதை வேறு. சர்க்கரை, ரத்த அழுத்தம் உறுதியானவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும்.

டாக்டர் 'ஒண்ணும் இல்லை' என்று சொன்ன பிறகும் மனசு ஆறவில்லை, வேறு லேபில் அதே டெஸ்ட்டை மறுபடி எடுக்கத் தோன்றுகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு கைபேசியில் நோயைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், கழுத்தில் கட்டி இருக்கா என்று நாளுக்குப் பத்து தரம் தடவிப் பார்க்கிறீர்கள் என்றால், அந்தக் கவலைக்கே சிகிச்சை இருக்கு. இதை 'கற்பனை' என்று நான் சொல்ல மாட்டேன். படபடப்பு உண்மை, தூக்கமின்மை உண்மை. 14416-க்குப் பேசுங்கள். 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை, தமிழிலேயே, எந்த நேரமும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'சும்மா கற்பனை பண்ணாதே' என்று அம்மாவிடம் சொன்னால் அவங்க கவலைப்படுவதை நிறுத்த மாட்டாங்க, உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவாங்க. 'நாளைக்கு நானும் வரேன்மா, ரெண்டு பேரும் கேட்டுட்டு வந்துடலாம்' என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம். ரிப்போர்ட் காட்ட வேண்டியவர்கள் மட்டும் கூட்டம் முடியும் வரை இருங்க, தனியாக உட்கார்ந்து பார்க்கலாம்.