பெர்லினில் ஒரு பிரதட்சிணம்

(நாகபுரியில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில், மூத்த உறுப்பினர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாடு போய் வந்ததைப் பற்றிப் பேசுங்கள்" என்று நம் செயலாளர் டெலிபோனில் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பிள்ளை வீடு, பெண் வீடு என்று அமெரிக்காவுக்கும் லண்டனுக்கும் போய் வந்தவர்கள். அரண்மனையும் நீர்வீழ்ச்சியும் போட்டோவில் பார்த்துப் பார்த்து நமக்கே அலுத்துவிட்டது. ஆகவே நான் அதையெல்லாம் சொல்லப் போவதில்லை. ஒரு பெரிய ஊரில் 74 வயதுக் கிழவன் ஒருவன் தனியாக ரயிலும் டிராமும் பஸ்ஸும் ஏறி இறங்கக் கற்றுக்கொண்ட கதையை மட்டும் சொல்கிறேன். நடுவில் தண்டம் கட்டிய கதையும் வரும். அதை மறைக்கப் போவதில்லை.

2023 ஜூன் மத்தியில் பெர்லினுக்குப் போனேன். என் மனைவி 2021-ல் காலமான பிறகு நான் செய்த முதல் தூரப் பயணம் அது. மகனும் மாட்டுப்பெண்ணும் காலை எட்டு மணிக்குள் வேலைக்குப் போய்விடுவார்கள். பத்து வயதுப் பேரன் பள்ளிக்கூடத்துக்குத் தானே டிராம் ஏறிப் போய்விடுவான். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு 2019 ஆகஸ்டிலிருந்து ஊருக்குள் பயணம் இலவசம். நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கீழே டிராம் போவதை எண்ணிக்கொண்டிருப்பேன். சந்தியாவந்தனம், பேப்பர், ஊறவைத்த அரிசி உளுந்தை அரைத்து வைப்பது, மறுபடி ஜன்னல். ஒரு வாரத்தில் எனக்கே தெரிந்துவிட்டது, இப்படி மூன்று மாதம் இருந்தால் உடம்பைவிட மனசு கெட்டுப்போகும் என்று.

முதலில் அந்த ஊர் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பெர்லினில் நான்கு வாகனங்கள். எஸ்-பான் என்பது பெரும்பாலும் தரைக்கு மேலே ஓடும் நகர ரயில். பச்சை வட்டத்தில் வெள்ளை 'எஸ்' எழுத்து அதன் அடையாளம். ஊ-பான் என்பது சுரங்க ரயில். நீலச் சதுரத்தில் வெள்ளை எழுத்து. 1902-ல் தொடங்கியது, இன்று ஒன்பது தடங்கள், 175 நிலையங்கள். பிறகு டிராம், பிறகு பஸ். ஏரியைக் கடக்கும் படகுகள்கூட உண்டு. இத்தனைக்கும் டிக்கெட் ஒன்றே. சுரங்க ரயிலில் இறங்கி, பஸ் மாறி, அங்கிருந்து டிராம் ஏறினாலும் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். ஒரு தடவைக்கான டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். ஒரே திசையில் போகலாம், அதே டிக்கெட்டில் திரும்பி வரக் கூடாது.

ஊரை மூன்று வளையமாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவில் ஏ, நகர எல்லை வரை பி, அதற்கு வெளியே சி. 2020 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் சி-யில் இருக்கிறது. ஏ-பி டிக்கெட்டோடு அங்கே போனால் அது செல்லாது. புதிதாகப் போகிறவர்கள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

நம் மெட்ரோவுக்குப் பழகியவர்களுக்கு அங்கே ஆச்சரியம் தருவது, நிலையங்களில் கதவே கிடையாது என்பது. டிக்கெட்டைக் காட்டினால் திறக்கும் தடுப்பு எதுவும் இல்லை. தெருவிலிருந்து படி இறங்கினால் நேரே பிளாட்பாரம். யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் ரயில் புறப்பட்டுக் கதவு மூடிய பிறகு, பக்கத்தில் சாதாரண உடையில் நின்ற ஒருவர் திடீரென்று அடையாள அட்டையைக் காட்டி, "டிக்கெட்" என்பார். அவர்தான் பரிசோதகர்.

இனி என் தண்டக் கதை. ஒரு நாள் தைரியமாகத் தனியே கிளம்பினேன். பிளாட்பாரத்து இயந்திரத்தில் 3 யூரோ 20 சென்ட் போட்டு டிக்கெட் வாங்கிப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது நிலையம் தாண்டியதும் ஒரு இளம்பெண் டிக்கெட் கேட்டாள். பெருமையாக எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் முத்திரை இல்லையே" என்றாள். பிளாட்பாரத்தில் சின்னதாக ஒரு பெட்டி நிற்கிறது. டிக்கெட்டை அதன் வாயில் நுழைத்தால் தேதியும் நேரமும் அச்சாகும். அப்போதுதான் அது உயிருள்ள டிக்கெட். "காசு கொடுத்துத்தானே வாங்கினேன்?" என்றேன். "வாங்கினீர்கள், சரி. பயணத்தை எப்போது தொடங்கினீர்கள் என்று இதில் தெரியவில்லையே" என்று அமைதியாகச் சொன்னாள்.

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. ஏனென்றால் நான் வேலை பார்த்தது தணிக்கைத் துறையில். பணம் பட்டுவாடா ஆன வவுச்சரில் ரத்து முத்திரை இல்லை என்றால், அதே வவுச்சரை இன்னொரு தடவை நீட்டிப் பணம் வாங்க முடியும் என்று எத்தனை ஆபீஸ்களில் எத்தனை பேருக்கு ஆட்சேபணை எழுதியிருப்பேன்! 36 வருஷம் பிறருக்குச் சொன்னதை அன்று ஒரு சின்னப் பெண் எனக்குச் சொன்னாள். அவள் பக்கம்தான் நியாயம். தண்டம் 60 யூரோ.

சாயங்காலம் மகனிடம் சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "போனாப் போறதுப்பா. இனிமே தனியாப் போக வேண்டாம். சனி ஞாயிறு நாங்க கூட்டிண்டு போறோம்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் 60 யூரோவைவிட அந்த வார்த்தைதான் எனக்குச் சுட்டது. இனிமேல் என்னை ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு என்று தீர்ப்பு எழுதின மாதிரி இருந்தது. நான்கு நாள் வாசற்படி தாண்டவில்லை.

ஐந்தாம் நாள் பேரன்தான் என்னைப் பிளாட்பாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அந்தப் பெட்டியைக் காட்டி, "தாத்தா, இதுக்கு சாப்பாடு போட்டாத்தான் ரயில் நம்மள விடும்" என்றான். ஒரு டிக்கெட்டை என் கையால் நுழைக்க வைத்தான். அவ்வளவுதான் பாடம், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த நான்கு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிக்கெட் 3.20, தண்டம் 60. வகுத்தால் 18.75. அதாவது ஏறக்குறைய 19 பயணத்தில் ஒரு தடவைக்கும் குறைவாகவே பிடிபடுவோம் என்றால், டிக்கெட் வாங்காமல் போகிறவனுக்கு லாபம். அப்படியிருந்தும் அந்த ஏற்பாடு ஓடுகிறது. ஏன்? ஒன்று, உள்ளூர்க்காரர்கள் பலர் மாதச் சீட்டு வைத்திருப்பவர்கள். அவர்கள் ஒவ்வொரு தடவையும் ஏமாற்றலாமா வேண்டாமா என்று யோசிப்பதே இல்லை. இரண்டு, தடுப்புக் கதவு வைக்கவும் காக்கவும் ஆகும் செலவும், அதில் நெரிசலாகும் நேரமும் மிச்சம். மூன்று, வேண்டுமென்றே டிக்கெட் இல்லாமல் போவது அங்கே கிரிமினல் குற்றம். நீதிமன்றம் விதித்த அபராதத்தைக் கட்ட முடியாமல் சிறைக்குப் போன ஏழைகளும் உண்டு. அது சரியா என்று அந்த நாட்டிலேயே வாதம் நடக்கிறது. ஆகவே எல்லாம் தர்மத்தின் மேல் நிற்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் நம்புவது, பிறகு சோதிப்பது என்பது அவர்கள் முறை. முதலில் சந்தேகப்படுவது என் பழைய தொழில் முறை. வித்தியாசத்தை யோசித்துப் பார்த்தேன்.

ஜூலை முதல் தேதி மகன் தன் கணக்கிலிருந்து எனக்கும் ஒரு மாதச் சீட்டு எடுத்துக் கொடுத்தான். 2023 மே மாதம் ஜெர்மனி முழுவதற்குமாக வந்த சீட்டு அது. அப்போது மாதம் 49 யூரோ. 2025 ஜனவரியில் 58 ஆயிற்று, 2026 ஜனவரியில் 63. அதி வேக ரயில்களைத் தவிர, நாடு முழுவதும் நகர பஸ், டிராம், சுரங்க ரயில், வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும். முத்திரை குத்த வேண்டியதில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும்: அது மாதாமாதம் தானே நீளும் சந்தா. நிறுத்துவதென்றால் அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும்.

பெர்லினில் எஸ்-பான் ரயிலுக்கு ஒரு வளையத் தடம் உண்டு. நீளம் 37 கிலோமீட்டர், 27 நிலையங்கள், முழுச் சுற்றுக்கு 60 நிமிஷம். எஸ்41 கடிகார முள் திசையில் சுற்றும், எஸ்42 எதிர்த்திசையில். நமக்குப் புரியும்படி சொன்னால், 41 பிரதட்சிணம், 42 அப்பிரதட்சிணம். இந்தச் சூத்திரம் தப்பு செய்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

ஆடி வெள்ளியன்று முருகன் கோயிலுக்குத் தனியே போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். மகன் தயங்கினான், மாட்டுப்பெண்தான், "அப்பா போய்ட்டு வரட்டும்" என்றாள். பிளான் சுலபம்: வீட்டுப் பக்கத்துப் பிரென்ஸ்லாவர் அலே நிலையத்தில் எஸ்41 ஏறி எட்டாவது நிலையமான நாய்க்கோல்னில் இறங்கி, ஊ7 சுரங்க ரயிலில் இரண்டாவது நிலையம். ஆனால் அந்தப் பிளாட்பாரத்துக்கு இரண்டு பக்கமும் தண்டவாளம். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ரயில் வந்து நின்றது. அவசரத்தில் எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டேன். இரண்டாவது நிலையத்தில் கெசுண்ட்புருன்னன் என்ற பெயரைப் பார்த்ததும் திக்கென்றது. அது வர வேண்டிய பெயர் இல்லை.

எழுந்து கதவு வரை போனேன். பிறகு இயற்பியல் படித்த புத்தி கொஞ்சம் வேலை செய்தது. வட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் நாய்க்கோல்ன் வந்தே தீர வேண்டும்! 20 நிமிஷத்துக்குப் பதில் 40 நிமிஷம் ஆகும். முருகன் எங்கும் போய்விடமாட்டான். திரும்ப வந்து உட்கார்ந்தேன். படகுத்துறை, தொழிற்சாலைகள், 2008-ல் மூடிவிட்டு இப்போது மக்கள் உலாவும் மைதானமாக இருக்கும் டெம்பல்ஹோப் பழைய விமானத் தளம் எல்லாம் ஜன்னலில் ஓடின.

பிளாஷ்கோஅலே நிலையத்துக்கு அருகில் மயூரபதி முருகன் கோயில். இலங்கைத் தமிழர்கள் கட்டியது, 2013-ல் குடமுழுக்கு நடந்தது. தரிசனம் முடிந்து பிரசாதம் வாங்கும்போது யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர், "தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டார். "ஆமாம், தனியாகத்தான்" என்றேன். இரண்டு வருஷமாக அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். அன்று முதல் தடவையாக அதைக் கொஞ்சம் கம்பீரமாகச் சொன்னேன்.

திரும்பும்போது வீட்டுக்குக் குறுக்கு வழி எஸ்42. ஆக அன்று வளையம் பூர்த்தி, ஆனால் அப்பிரதட்சிணமாக! அடுத்த வெள்ளிக்கிழமை பரிகாரமாக எஸ்41-ல் உட்கார்ந்து ஒரு முழுச் சுற்று பிரதட்சிணம் செய்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் வீட்டில் தங்கவில்லை. 100-ம் நம்பர் மாடி பஸ்ஸில் மேல்தட்டில் முன்னால் உட்கார்ந்தால், டூரிஸ்ட் பஸ் செலவில்லாமல் பாராளுமன்றம் உள்பட ஊரின் முக்கிய இடங்களெல்லாம் வந்துவிடும். 1961 ஆகஸ்டில் சுவர் எழுந்தபோது இந்த வளையமும் அறுந்தது. மறுபடி முழுசாகச் சேர்ந்தது 2002-ல். மேற்குப் பக்கத்து ரயில்கள் சில, கிழக்கு பெர்லினுக்கு அடியில் நிற்காமலே ஓடின. விளக்கு மங்கி, காவலர் மட்டும் நின்ற அந்த நிலையங்களைப் பேய் நிலையங்கள் என்றார்கள். நோர்ட்பான்ஹோப் நிலையத்தில் அதைப் பற்றிய கண்காட்சியை நின்று படித்தேன். மேற்கில் டிராமை 1967-ல் நிறுத்திவிட்டார்கள், கிழக்கு வைத்துக்கொண்டது. இன்றும் டிராம் பெரும்பாலும் கிழக்கில்தான். பிரிவினையைத் தண்டவாளத்தில் படிக்கலாம்.

அங்கேயும் குறை உண்டு. விடுமுறை நாளில் பாதை வேலை என்று ரயிலை நிறுத்தி மாற்றுப் பஸ் விடுவார்கள். லிஃப்ட் சில சமயம் வேலை செய்யாது. ஆனால் பஸ் நின்றதும் நம் பக்கம் சாய்ந்து தாழ்கிறது. முழங்கால் வலிக்காரனுக்கு அது பெரிய உபகாரம்.

வெளிநாடு போகும் மூத்தவர்களுக்கு நான் சொல்வது:

1. வீட்டு விலாசமும், இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரும் அந்நாட்டு எழுத்தில் எழுதிச் சட்டைப்பையில் இருக்கட்டும்.

2. டிக்கெட் வாங்கியதும் முத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். மறந்தால் என் ஞாபகம் வரட்டும்.

3. தடத்தின் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். வண்டியின் நெற்றியில் இருக்கும் கடைசி நிலையத்தின் பெயரையும் பாருங்கள். வளையத் தடத்தில் சுற்றும் திசையைப் பாருங்கள்.

4. நிலையம் வந்தும் கதவு திறக்கவில்லை என்றால் பயப்படாதீர்கள், பொத்தானை அழுத்துங்கள்.

5. தப்பான வண்டியில் ஏறிவிட்டால் உட்கார்ந்து யோசியுங்கள். ஓடும் வண்டியைவிட ஓடும் மனசுதான் ஆபத்து.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவைச் சனி ஞாயிறு காரில் கூட்டிப் போவது நல்லதுதான். அதைவிட நல்லது, ஒரு நாள் கூடவே வந்து ரயில் ஏறக் கற்றுக்கொடுத்துவிட்டு, மறுநாள் தனியே விடுவது. என் பேரன் அதைத்தான் செய்தான்.

கடைசியாக ஒன்று. நம் நாகபுரியிலேயே 2019-லிருந்து மெட்ரோ ஓடுகிறது. இந்த ஹாலில் எத்தனை பேர் தனியாக அதில் ஏறியிருக்கிறோம்? கை தூக்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு நான் அதில்தான் வரப்போகிறேன். கூட வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். ஆனால் டிக்கெட் அவரவர் வாங்க வேண்டும்.